நின்னு பாருங்க, உக்காந்து பாருங்க

எங்கள் அலுவலகத்துக்குக் கீழே இருந்த ஸ்டுடியோவில் இறந்தவர்களுக்குச் சட்டை போட்டுவிடுவார்கள்.

நான் அப்போது திருவண்ணாமலையில் ஒரு நாளிதழின் நிருபர். தேர் போகும் வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் மாடியில் நாங்கள், கீழே அந்த ஸ்டுடியோக்காரர். காரியத்துக்குப் படம் வேண்டும் என்று வருகிறவர்கள் கையில் நல்ல படம் இருக்காது. யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் பின்வரிசையில் பாதி மறைந்து நிற்கும் முகம் இருக்கும். அவர் அந்த முகத்தை மட்டும் கணினியில் வெட்டி எடுப்பார். தயாராக வைத்திருக்கும் வெள்ளைச் சட்டை ஒன்றின் மேல் அதைப் பொருத்துவார். பின்னால் நீல வானம். பெண்களுக்கு ஒரு பச்சைப் புடவை. கீழ்பென்னாத்தூர் பக்கம் செய்திக்காகப் போகும்போது எத்தனையோ வீட்டுச் சுவர்களில், மாலைக்கு உள்ளே, அந்த ஒரே சட்டையை அதே காலர் மடிப்போடு பார்த்திருக்கிறேன்.

அவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள். மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா செருகுவதுபோல் பென்டிரைவ் செருகியிருப்பார். யாரிடமும் 'முடியாது' என்று சொல்லி நான் கேட்டதில்லை. "பண்ணிடலாங்க" என்பதுதான் பதில். சில சமயம் கேள்வி முடிவதற்கு முன்பே அது வந்துவிடும்.

கார்த்திகை தீபத்தன்று மேகம் மூடிக்கொண்டால் அவருக்கு வேலை ஜாஸ்தி. வெளியூரிலிருந்து வந்து தீபத்தைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள், மலைக்கு முன்னால் குடும்பத்தோடு நின்ற படத்தைக் கொடுத்து, அதில் தீபம் ஏற்றித் தரச் சொல்வார்கள். ஏற்றித் தருவார். ஒருவர் தீபம் சின்னதாக இருக்கிறது என்றார். பெரிதாக்கினார். இன்னும் கொஞ்சம் என்றார் வந்தவர். "பண்ணிடலாங்க." கடைசியில் அந்தப் படத்தில் மலையே பற்றிக்கொண்டு எரிந்தது, குடும்பம் முன்னால் நின்று சிரித்தது. தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன்.

"அவருக்குத் திருப்தி சார்" என்றார்.

ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டதும் உண்டு. ஒன்றில் தாலி கட்டுவதை எடுத்துவிட்டு இன்னொரு மண்டபத்துக்கு ஓடியிருக்கிறார். அங்கே எல்லாம் முடிந்து, மாப்பிள்ளை இட்லிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பெண்ணின் அப்பா கொதித்துப்போய், "பொறுப்பு இருக்காய்யா உனக்கு?" என்று பிடித்துக்கொண்டார். இவர், "நீங்க சொல்றது நியாயந்தாங்க, எனக்குப் பொறுப்பே இல்லீங்க" என்று அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். திட்டுவதற்கு எதிரில் ஆள் இல்லாமல் போனதால் அந்த அப்பா சாப்பிடச் சொல்லிவிட்டுப் போனார். இதை எனக்குச் சொன்னது அவரேதான். பெருமையாகவும் இல்லை, வருத்தமாகவும் இல்லை. ஒரு விவரமாகச் சொன்னார்.

இப்படிப்பட்டவர் எப்படித் தொழில் நடத்தினார் என்பது எனக்கு நாளாகித்தான் புரிந்தது. அதற்குக் காரணம் அவருடைய மானிட்டர்.

அது மலிவான ரகம். நேராக உட்கார்ந்து பார்க்கிறவருக்கு ஒரு நிறம் காட்டும். எழுந்து நின்று பார்த்தால் வெளுத்துத் தெரியும். தாழ்வாக உட்கார்ந்தால் கருத்துத் தெரியும். பக்கவாட்டில் நின்றால் லேசான மஞ்சள். படம் திருத்தும் வேலைக்கு அதைவிடப் பொருத்தமில்லாத சாமான் கிடைப்பது கஷ்டம். அவர் அதை வைத்துக்கொண்டு ஊரில் ஒருவரோடும் மனஸ்தாபம் இல்லாமல் இருந்தார்.

காரியப் படத்துக்கு ஒருவர் தனியாக வருவதில்லை. மகன், மருமகள், மைத்துனர், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒரு கூட்டமே அவர் நாற்காலிக்குப் பின்னால் நிற்கும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மருமகள் தொடங்குவார்.

"எங்க மாமா இவ்ளோ கருப்பு இல்லீங்களே."

"கொஞ்சம் ஜாஸ்தி பண்ணிட்றேம்மா." மவுஸை இரண்டு தட்டு தட்டுவார். "இப்ப எழுந்து நின்னு பாருங்க."

மருமகள் எழுந்து நின்று பார்ப்பார். "ஆங், இப்ப சரியா இருக்குது."

ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும் மைத்துனருக்குக் கோபம் வரும். "இன்னாப்பா இது, வெள்ளக்காரன் மாதிரி கீறாரு?"

"கம்மி பண்ணிட்றேங்க. நீங்க இப்படி ஸ்டூல்ல உக்காந்து பாருங்க."

மறுபடி இரண்டு தட்டு. மைத்துனர் உட்காருவார். "இதான். இதான்."

ஒருநாள் பின்னாலிருந்து கவனித்தேன். அந்தத் தட்டுகளில் படத்தில் எதுவும் மாறவில்லை. மவுஸின் அம்பு திரையின் வெற்று மூலையில் நின்றது. கூட்டம் போனபின் கேட்டேன்.

"நீங்க ஒண்ணும் பண்ணலையே?"

"அவங்க பாத்துட்டாங்களே சார்" என்றார்.

படம் அச்சாகிப் போனபிறகு யாரும் சண்டைக்கு வந்ததில்லை. மாலை போட்டு, பொட்டு வைத்து, பக்கத்தில் விளக்கும் ஏற்றிவிட்டால் நிறத்தைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்?

அந்த மானிட்டர் ஒரு மழைக்காலத்தில் இடி இடித்தபோது போய்விட்டது. அவர் மாடியேறி வந்தார்.

"சார், போட்டோ வேலைக்கு எந்த மானிட்டர் வாங்கலாம்?"

பத்திரிகையில் பக்கம் அமைக்கும் பிரிவில் சில வருடம் இருந்ததால் எனக்கு ஓரளவு தெரியும். ஐபிஎஸ் திரை வாங்கச் சொன்னேன். பளபளப்பு இருக்கக் கூடாது, மங்கலான 'மேட்' ரகமாக இருக்கட்டும். சந்து வெளிச்சம் அதில் விழுந்து உங்கள் முகமே உங்களுக்குத் தெரிந்துகொண்டிருந்தால் வேலை நடக்காது. அளவு ரொம்பப் பெரிதாக வேண்டாம், நிறம் சரியாகக் காட்டுவதுதான் முக்கியம். முக்கியமாக, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது என்றேன்.

"எந்தப் பக்கம் பாத்தாலும் மாறாதா?"

"மாறாது."

"நல்லதுங்க" என்றார். அவருடைய பதில் தாமதமாக வந்தது அன்றுதான்.

கம்ப்யூட்டர் கடைக்காரர் அவருக்கு வேறொன்று சொல்லியிருந்தார்: கம்ப்யூட்டரில் விளையாடும் பிள்ளைகள் வாங்கும் வளைந்த திரை. மச்சான் இன்னொன்று சொல்லியிருந்தார்: மானிட்டரே வேண்டாம், பெரிய டிவியாக வாங்கி மாட்டிவிடலாம், ஓய்ந்த நேரத்தில் கிரிக்கெட்டும் பார்க்கலாம். மூன்று பேரிடமும் "அதையே வாங்கிடலாங்க" என்று அவர் சொல்லியிருக்கிறார் என்பது மூன்றும் ஸ்டுடியோவில் வந்து இறங்கியபோதுதான் தெரிந்தது.

வளைந்த திரையில் முதலில் திறந்தது ஒரு பள்ளிக்கூடத்துக் குழுப் படம். நேர்வரிசையில் நின்ற ஆசிரியர்கள் எல்லாரும் நடுவில் உட்கார்ந்திருந்த தலைமை ஆசிரியரை நோக்கி லேசாக வளைந்து நின்றார்கள். "கோடு நேரா தெரியலையே" என்றேன். "அந்த ஸ்கூல்ல நேர்லயும் அப்படித்தான் சார் நிப்பாங்க" என்றார் அவர். கம்ப்யூட்டர் கடைக்காரரின் மகன் அதை விளையாட எடுத்துக்கொண்டு போய்விட்டதால் அந்தப் பிரச்சினை தானாகத் தீர்ந்தது.

டிவியை மச்சானே வந்து சுவரில் மாட்டினார். அது வாசலைப் பார்த்து இருந்தது. மறுநாள் அதில் ஒரு முகத்தைத் திறந்ததும், சந்தில் போன பால்காரர் வண்டியை நிறுத்தி உள்ளே வந்துவிட்டார்.

"இவரா? எப்ப?"

"போன வாரம்."

"நேத்துகூட டீக்கடையில பாத்தேனே!"

"அது அவரு தம்பிங்க."

"அப்ப மூக்கு இவ்ளோ பெருசா இருக்காதே. தம்பிக்குத்தான் பெரிய மூக்கு."

"கம்மி பண்ணிடலாங்க."

கீரை விற்கிற அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, மூக்கு முன்பு இருந்ததே சரி என்றார். அதுவும் பண்ணப்பட்டது. தபால்காரர் மீசையைப் பற்றிக் கருத்து வைத்திருந்தார். எங்கள் அலுவலகத்தில்கூட ஒரு செய்தியை இத்தனை பேர் திருத்தி நான் பார்த்ததில்லை. படம் வாங்க வந்த குடும்பம் திரையைப் பார்த்துவிட்டு, "எங்க படம் ரெடியாகலீங்களா?" என்று கேட்டது.

டிவி வேண்டாம் என்று மச்சானிடம் அவர் சொல்லவில்லை. அது அவருக்கு வராது. அவர் மனைவி சொன்னார். தன் தம்பியிடம் சொல்ல அவருக்கு இரண்டு சொற்களே போதுமானதாக இருந்தன.

மிஞ்சியது நான் சொன்னது. தினமும் படியிறங்கும்போது நான் எட்டிப்பார்ப்பேன் என்பதால் அது மேஜையில் தங்கிவிட்டது. ஆனால் அவருக்கும் அது பிடித்துத்தான் போயிற்று. முதல் நாளே அந்த வெள்ளைச் சட்டையை அதில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். சட்டைப்பைக்குக் கீழே ஒரு இங்க் கறை இருந்தது.

"இத்தன வருஷமா கறைச் சட்டையவே போட்டு அனுப்பிருக்கேன் சார்" என்றார், தலையில் கை வைத்துக்கொண்டு.

அது வந்த சில வாரத்தில், ஒரு மத்தியானம், அடி அண்ணாமலையிலிருந்து ஒரு அண்ணனும் தங்கையும் வந்தார்கள். நான் செய்திக்கான ஒரு படத்தின் அளவை மாற்றி வாங்கக் காத்திருந்தேன். மறுநாள் காலை அவர்கள் அப்பாவுக்குக் காரியம். படத்தைத் திறந்து மாலை போட வேண்டும். அண்ணன் கழனி வேலை பார்க்கிறவர், பைக்கில் வந்தார். தங்கை சென்னையில் வாழ்க்கைப்பட்டவர், ஆட்டோவில் வந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசவில்லை. எல்லாவற்றையும் ஸ்டுடியோக்காரரிடமே சொன்னார்கள்.

பேத்தியின் காதுகுத்தில் எடுத்த படம் ஒன்றுதான் இருந்தது. அதிலிருந்து ஸ்டுடியோக்காரர் முன்பே முகத்தை எடுத்து, ஒரே சீராக வெளுப்பாக்கி, முடித்து வைத்திருந்தார். திரையில் காட்டினார்.

அண்ணன் குனிந்து பார்த்தார். "யாருப்பா இது? தாலுக்கா ஆபீசுல குந்தினு இருந்தவரு மாதிரி கீறாரு. எங்க நைனா கருப்பு."

"எங்கப்பா ஒண்ணும் அவ்ளோ கருப்பு இல்ல" என்றார் தங்கை, ஸ்டுடியோக்காரரிடம். "மாநிறம். இதுவே கம்மிதான்."

"பாத்துக்கப்பா. மெட்ராஸ் போனதும் நைனா அப்பா ஆயிட்டாரு. இப்ப கலரும் ஏறிடுச்சு."

"ரெண்டு பேரு சொல்றதும் கரெக்ட்டுங்க" என்றார் அவர். இரண்டு தட்டு தட்டினார். "அம்மா, நீங்க எழுந்து நின்னு பாருங்க."

தங்கை நின்றார். "அப்படியேதானே இருக்கு?"

"அண்ணா, நீங்க இந்த ஸ்டூல்ல."

அண்ணன் உட்கார்ந்தார். "எங்க குந்தினாலும் அதே மூஞ்சிதாம்பா கீது."

ஸ்டுடியோக்காரர் கழுத்தில் வேர்வை தெரிந்தது. கொஞ்சம் இந்த ஓரமாக வாங்க என்றார். அந்தப் பக்கம் போங்க என்றார். அந்தச் சின்னக் கடைக்குள் அவர் நாற்காலியைச் சுற்றி அண்ணனும் தங்கையும் ஒரு கிரிவலமே முடித்தார்கள். அவர்கள் அப்பா எல்லாத் திசையிலிருந்தும் ஒரே நிறத்தில் இருந்தார்.

வேறு வழியில்லாமல் அவர் நிஜமாகவே வேலை செய்தார். முகம் முழுவதையும் ஒரே சீராகக் கருப்பாக்கினார்.

"அய்யோ, இது யாரு?" தங்கை கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டார். "இந்தப் படத்த வச்சா நாளைக்கு நான் வர மாட்டேன். எங்க வீட்டுல நானே தனியா ஒரு படம் வச்சு கும்புட்டுக்கறேன்னு சொல்லிடுங்க."

"வராட்டி போவச் சொல்லு. ஊர்ல கேட்டா நான் சொல்லிக்கறேன்" என்றார் அண்ணன். குரல் சொன்ன அளவுக்கு உறுதியாக இல்லை. இதற்குமேல் ஒரு வார்த்தை போனால் அந்த வீட்டில் இரண்டு காரியம் நடக்கும் என்பது கடையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது.

வாசல்வரை போன தங்கை திரும்பினார். "நீங்களே சொல்லுங்க சார். எத்தனயோ படம் பண்றீங்க. எது எங்கப்பா மாதிரி இருக்கு? வெளுப்பா இருந்ததா, இதுவா?"

ஸ்டுடியோக்காரர் அண்ணனைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் அவரப் பாத்ததே இல்லியே" என்றார்.

இது அவர் வாயிலிருந்து வந்ததா என்று நான் நிமிர்ந்து பார்த்தேன். தொழிலில் பெரிய குற்றம் ஒன்றைச் செய்துவிட்டவர்போல் உட்கார்ந்திருந்தார். ஆனால் அண்ணனுக்கு அது நியாயமாகப் பட்டது.

"சரிப்பா. நீ இன்னாமோ பண்றதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு? அதக் காட்டு."

"அது வேணாங்க. அதுல மூஞ்சில நெழல் விழுந்திருக்கு. பந்தல் நெழலு. அதான் மொதல்லயே கிளீன் பண்ணிட்டேன்."

"காட்டுப்பா."

திறந்தார். புருவத்துக்கு மேலே, நெற்றியின் குறுக்கே, ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே முகம் வெயிலில் காய்ந்து கருத்திருந்தது. கோட்டுக்கு மேலே, முடிவரைக்கும், வேறு யாருடைய நெற்றியோ என்று சொல்லும்படி வெளுப்பாக இருந்தது.

"நெழலா?" என்றார் அண்ணன். "யோவ், அது துண்டுய்யா. காலைல தலப்பா கட்டினாருன்னா பொழுது சாய்ஞ்சாத்தான் அவுப்பாரு. அந்த எடத்துல வெயிலே பட்டதில்ல."

தங்கை வாசலிலிருந்து திரும்பி வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "சோறு போடும்போதுதான் அவுப்பாரு" என்றார். "குனிஞ்சு சாப்புடுவாரு. நான் நின்னுனு இருந்தா எனக்கு இந்த நெத்திதான்..."

பிறகு அண்ணன் சிரித்தார்.

"காதுகுத்து அன்னிக்கு துண்ட அவுக்க மாட்டேன்னு எப்படி சண்ட போட்டாரு. நாபகம் கீதா உனுக்கு?"

"நீதான் புடுங்கின."

"நான் எங்க புடுங்கினேன்? உன் வீட்டுக்காரருதான் புடுங்கினாரு."

"அவரு புடுங்கல. நீ கண்ணு காட்டின, அவரு எடுத்தாரு."

இப்போது இருவரும் பேசிக்கொண்டிருந்தது ஒருவரோடு ஒருவர். ஸ்டுடியோக்காரர் அதைக் கவனித்தாரோ என்னவோ, சண்டை ஓய்ந்தது என்பதை மட்டும் கவனித்தார். கை தானாக மவுஸுக்குப் போயிற்று.

"அப்ப அந்தக் கோட்ட மட்டும், தெரிஞ்சும் தெரியாத மாதிரி, லேசா கம்மி பண்ணிடலாங்களா?"

"வேணாம்!" என்றார்கள் இருவரும். அண்ணன் சொன்னதோடு நிற்காமல் அவர் கையைப் பிடித்து மேஜைமேல் வைத்தார்.

படம் அச்சாகி, சட்டம் போட்டு வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். போகும்போது தங்கை ஆட்டோவைக் கூப்பிடவில்லை. படத்தை மடியில் வைத்துக்கொண்டு பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டார். அண்ணன் வண்டியை உதைப்பதற்கு முன், "புடிச்சுக்கோ, கண்ணாடி" என்றார்.

ஸ்டுடியோக்காரர் வாசலில் நின்று அவர்கள் போவதைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, என் வேலையை மறந்துவிட்டு, சமீபத்தில் கொடுத்தனுப்பிய படங்களின் அசலை ஒவ்வொன்றாகத் திறந்தார். எதையெல்லாம் சுத்தம் செய்தோம் என்று தேடிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஒரு வயதான அம்மாவின் முகத்தில் நிறுத்தினார். பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார்.

"சார், கன்னத்துல ஒண்ணு இருக்கு பாருங்க. தூசின்னு அழிச்சுட்டேன்."

செல்போனை எடுத்து அந்த வீட்டைக் கூப்பிட்டார். "ஸ்டுடியோலருந்து பேசறேங்க. ஒண்ணுமில்ல, அம்மாவுக்கு எடது கன்னத்துல மச்சம் இருந்துச்சுங்களா?"

மறுமுனையில் ஒரு ஆள் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"அதாய்யா! இன்னாமோ கொறையுதே, இன்னாமோ கொறையுதேன்னு வூட்ல எல்லாரும் அந்தப் படத்தயே பாத்துனு கீறோம்!"